‘வேணும்னே போடுற கை’ என்று ஒலிபெருக்கியில் சொன்னவரைப் பற்றி

அனுப்புநர்:
வீரம்மா த/பெ சன்னாசி,
மலிவு விலை வீடமைப்புப் பகுதி,
ஜெலாப்பாங், ஈப்போ.

பெறுநர்:
உயர்திரு தம்பிமுத்து அவர்கள்,
தொழிலாளர் துறை அதிகாரி,
ஈப்போ, பேராக்.

பொருள்: கையுறைத் தொழிற்சாலையின் சூப்பர்வைசரும் எங்கள் மாரியம்மன் கோயிலின் தலைவருமான திரு. பத்துமலை, நரம்பு நோயால் உணர்விழந்திருந்த என் வலக்கையை, வேண்டுமென்றே பொருள்களைப் போட்டு உடைக்கும் கை என்று அறிவித்தது. அதை அவர் வாயாலேயே திரும்பப் பெற வைக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை என் வலக்கையால் எழுதுகிறேன். ஒரு பத்தி முடிந்தால் கையை மேசைமேல் நீட்டி வைத்து ஆற விட்டுத்தான் அடுத்த பத்திக்கு வர முடிகிறது. எழுத்து சில இடங்களில் கோணியிருக்கும், பொறுத்துக்கொள்ளவும். கடையில் கொடுத்து டைப் அடித்து அனுப்பச் சொன்னாள் என் தோழி முத்தம்மா. மறுத்துவிட்டேன். இந்தக் கையைப் பற்றிய புகாரை இந்தக் கையே எழுதட்டும். தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று தொழிற்சங்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கோப்புக்கு வேண்டிய மலாய்ச் சுருக்கம் தனியே உள்ளது.

1. நான் ஆறாவது கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, அங்கேயே பால்மரம் வெட்டியவள். புது மரத்தில் முதல் வெட்டுப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். “வீரம்மா கை வச்சா பாலு நிக்காது” என்று பேச்சு. கைராசிக்காரி என்று பெயர். கல்யாண வீடு, வளைகாப்பு வீடு எதுவானாலும் முதல் குங்குமம் என் கையால் வைக்கச் சொல்வார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அம்மனையும் தூக்கிக்கொண்டு நாங்கள் ஜெலாப்பாங்கிற்கு வந்தோம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எதை இழந்தேன் என்று தெரிந்தால்தான் எதைக் கேட்கிறேன் என்பது தங்களுக்குப் புரியும்.

2. திரு. பத்துமலை அதே தோட்டத்தார். எனக்கு அண்ணன் முறை. விவரம் தெரிந்த நாள் முதல் அவரை அண்ணே என்றுதான் அழைத்தேன். இம்மனுவில் அவ்வாறு எழுத மாட்டேன். கையுறைத் தொழிற்சாலை திறந்தபோது எங்களைப் போன்ற பெண்களை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவரே. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அவரும் அதை மறக்க விட்டதில்லை.

3. வேலை இதுதான். பீங்கானில் செய்த கை அச்சுகள் சங்கிலியில் தொங்கியபடி ரப்பர் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து எங்கள் முன்னால் வரும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பைக் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி ஒரே இழுப்பில் கையுறையை உரிக்க வேண்டும். உரிப்பதற்குள் அடுத்த பீங்கான் கை வந்து நிற்கும். சங்கிலி நமக்காக நிற்காது. சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் வலக்கை மரக்கத் தொடங்கியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. தூக்கத்தில் கை எரிந்து எழுப்பும். எழுந்து உட்கார்ந்து, ஈரத்துணியை உதறுவதுபோல் கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். நாளாக நாளாக ரவிக்கை ஊக்கு மாட்ட வரவில்லை. தேங்காய் உடைத்தால் சில்லு எங்கோ, கை எங்கோ. தைலம் தேய்த்தேன். உருவி விடுகிறவரிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலை வைத்து மணிக்கட்டை அமுக்கியதில் உயிர் போய் வந்தது.

4. வேலை இடத்திலும் உதற வேண்டியதாயிற்று. அப்போது திரு. பத்துமலை எல்லார் காதிலும் விழும்படி கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “என்னா வீரம்மா, கைய ஒதறிக்கிட்டே இருக்கே, சாமி வந்துருச்சா? குறி சொல்லப் போறியா லா?” வரிசை முழுவதும் சிரித்தது. அன்று முதல், நான் உதறும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, “ஆத்தா, லாட்டரிக்கு எனக்கு நாலு நம்பர் சொல்லு” என்று கும்பிடுவாள். முத்தம்மாவும் கும்பிட்டாள். இப்போது அவளும் உதறுகிறாள்.

5. பெட்டியில் அடுக்கும் பகுதிக்கு மாற்றிவிடும்படி அவரிடம் கேட்டேன். ஒரு முறை அல்ல, பல முறை. கடைசி முறை அவர் சொன்னது: “ஒக்காந்துக்கிட்டு செனாங்கா, சொகுசா வேல பாக்கலாம்னு பாக்கிறியா? ஒனக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாப் பொம்பளைங்களும் கைய ஒதறுவாளுங்க.” கம்பெனி அனுப்பிய கிளினிக்கில் என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ‘வேலைக்குத் தகுதி’ என்று ஒரு துண்டுத்தாளும் வந்தது. அதை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் வாய் திறந்தபோதெல்லாம் எடுத்துக் காட்டினார்.

6. கோயிலில் அழுதேன். அங்கும் அவர்தான் தலைவர் என்பதை அழுகையில் மறந்துவிட்டேன். அன்றைக்கு அவர் நல்லபடியாகத்தான் பேசினார். “பால்குடம் நேர்ந்துக்கம்மா, கைய ஆத்தா பாத்துக்குவா” என்று சொல்லி, பூசாரியிடம் மஞ்சள் கயிறு வாங்கித் தாமே என் மணிக்கட்டில் கட்டினார். பெண்களுக்கு இடக்கையில் கட்டுவதுதான் நம் வழக்கம். கோளாறு எந்தக் கையிலோ அந்தக் கையில்தான் கட்ட வேண்டும் என்றார். “எறுக்கமா இருந்தாத்தான் சக்தி எறங்கும். மரத்துப் போச்சுன்னா இன்னொரு சுத்து சுத்து” என்றார். நான் பைத்தியக்காரி, சுற்றினேன். மரக்க மரக்கச் சுற்றினேன். நரம்பு நெரிபட்டுக் கிடந்த அதே இடத்தில் இறுக்குகிறோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் கட்டியதற்காக அவர் மீது நான் இம்மனுவைக் கொடுக்கவில்லை.

7. அச்சுகளைக் கழற்றிக் கழுவும் நாளில், ஒரு தட்டு நிறைய பீங்கான் கைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். தட்டைப் பிடித்திருக்கிறேன் என்றே நினைத்தேன். சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தபோது விரல்களும் உள்ளங்கைகளுமாகத் தரையெல்லாம் உடைந்து கிடந்தன. திரு. பத்துமலை ஓடி வந்து உடைசலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “பேக்கிங் கேட்டா, கொடுக்கல. அதான் போட்டு ஒடச்சுட்டா” என்று மேனேஜரிடம் சொன்னார். வேண்டுமென்றே செய்ததாக எழுத்தில் எச்சரிக்கை வந்தது. நான் இல்லை இல்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

8. அந்த ஆண்டு ஆடித் திருவிழாவில் பால்குடம் எடுத்தேன். கை நன்றாக வேண்டும் என்று, அந்தக் கையாலேயே பிடித்து எடுத்தேன் ஐயா. குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டு பின்னால் வளைந்தபடி, வெயிலில் வெறுங்காலோடு நடந்தேன். கோயில் வாசலுக்கு வந்ததும் முகத்தில் ஏதோ வழிந்தது. வியர்வை என்று நினைத்தேன். வாயில் பட்டபோதுதான் பால் என்று தெரிந்தது. குடம் என் காலடியில் கிடந்தது. அதை விட்டது என் கைக்கே தெரியாது. பக்கத்திலிருந்த பெண்கள், நான் தீண்டினால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் விலகினார்கள். அப்போது அவர் கையில் மைக் இருந்தது. அவர் சொன்னது:

“ஃபேக்டரியில அச்சப் போட்டு ஒடச்சுச்சு. இப்ப ஆத்தா குடத்தையும் போட்ருச்சு. இது வேணும்னே போடுற கை. வெளங்காத கை. தள்ளி நில்லுங்க, மத்த கொடமெல்லாம் உள்ள வரட்டும்.”

கோயிலைச் சுற்றி நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் பாலில் நனைந்த சேலையோடு வீட்டிற்கு நடந்து போனேன். என் கணவர் லாரியில் காம்பார் பக்கம் போயிருந்தார். கதவைத் திறக்கச் சாவியைத் திருப்ப என்னால் முடியவில்லை. அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாள் வந்து திறந்துவிட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி உள்ளவளாக இருக்கிறேன்.

9. திருவிழா முடிந்த மறுநாளே வேலை நீக்கக் கடிதம் வந்தது. அதில் காரணம்: வேண்டுமென்றே பொருள் சேதம். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ஜெலாப்பாங்கில் எந்தத் தொழிற்சாலையும் என்னைச் சேர்க்கவில்லை. அது போகட்டும். முத்தம்மாவின் மகள் வளைகாப்பில் குங்குமச் சிமிழை எடுத்தேன். பெண்ணின் மாமியார் சிரித்துக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எல்லாரும் வற்புறுத்தினார்கள். நானும் சாப்பிட்டேன். ஸ்பூனால் சாப்பிட்டேன்; பிசைய முடியவில்லை.

10. பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் புனிதவதி அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுபவர். என் கையைத் தம் கையில் வாங்கியதும் முதல் வேலையாகக் கத்திரியை எடுத்து அந்த மஞ்சள் கயிற்றை அறுத்தார். இரண்டு புறங்கைகளையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கி வைத்திருக்கச் சொன்னார்; சற்றைக்கெல்லாம் விரல்கள் மரத்தன. மணிக்கட்டில் தட்டினார், விரல் நுனிவரை சுரீரென்று ஓடியது. பிறகு கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாக ஊசியால் குத்திக் கேட்டார். மோதிரவிரலில் ஒரு பாதி தெரிகிறது, மறுபாதி தெரியவில்லை, சுண்டுவிரலில் நன்றாகத் தெரிகிறது என்றேன். அவர் சொன்னார்: “இதுவே எனக்குப் போதும். நடிக்கிற ஆளெண்டால் முழுக்கையும் மரத்துப் போச்சுதெண்டுதான் சொல்லும். நரம்பு எந்த விரலில நிக்குதெண்டு அதுக்குத் தெரியாது.” ஐயா, என் சொல்லை ஒருவர் நம்பியது அன்றுதான். அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

11. இந்த நோயை டாக்டர்கள் கார்ப்பல் டனல் என்கிறார்கள். தங்கள் விசாரணைக்குப் பயன்படும் என்பதால், எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன். மணிக்கட்டில் அடியில் எலும்பும் மேலே தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரலை மடக்கும் நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போக வேண்டும். கிள்ளிப் பிடித்து, மடக்கி, இழுத்துக்கொண்டே இருந்தால் நாண்கள் வீங்கும். இடமில்லாமல் நரம்பு நெரிபடும். கயிறு நோயைக் கொண்டுவரவில்லை, ஆனால் இறுக்கியது அதைக் கூட்டியிருக்கும் என்றார் டாக்டர். தொடக்கத்திலேயே வந்திருந்தால் அந்த வேலையை நிறுத்திவிட்டு, தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் கைப்பட்டை ஒன்றைப் போட்டே தணித்திருக்கலாமாம். மிஞ்சினால் ஓர் ஊசி. எனக்கு அந்தக் கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. சில வாரம் பட்டை போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நாரை அறுத்து வழியை அகலப்படுத்தினார்கள். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். மரப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கட்டைவிரலின் அடியில் இருக்க வேண்டிய சதை மேடு கரைந்து பள்ளமாகிவிட்டது. அது முழுதாகத் திரும்பும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. “ஏன் பிள்ளை இவ்வளவு நாள் பொறுத்தனீங்கள்?” என்று கேட்டார். நான் பொறுக்கவில்லை. என்னைப் பொறுக்க வைத்தவர் பெயரைத்தான் இம்மனுவில் எழுதியிருக்கிறேன்.

12. நான் வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. நட்டஈடு பற்றிய மனு வேறு இடத்தில் இருக்கிறது. அது அதன் வழியில் போகட்டும். தங்களிடம் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். திரு. பத்துமலையை விசாரணைக்கு அழைக்க வேண்டும். தங்கள் அலுவலகத்தின் மூடிய அறையில் வேண்டாம். தொழிற்சாலைக் கேண்டினில், ஷிப்டு மாறும் வேளையில், போகிறவர்களும் வருகிறவர்களும் கேட்கும்படி அழைக்க வேண்டும். ஊசியால் குத்தினாலும் தெரியாத கை ஒன்றை எப்படி வேண்டுமென்றே விட முடியும் என்று அவரிடம் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை யாரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றுகூட எழுத ஆசைதான். அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். என் வேலை நீக்கக் கடிதத்திலிருந்து ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை நீக்கச் செய்ய வேண்டும். உரிக்கும் வரிசையில் நிற்கும் பெண்களை முறை வைத்து அடுக்கும் வேலைக்கு மாற்ற வேண்டும்; முத்தம்மாவின் கட்டைவிரல் மேடு இன்னும் கரையவில்லை, தாங்களே வந்து பார்க்கலாம். கடைசியாக, வரும் ஆடித் திருவிழாவில் அதே வாசலில், அதே மைக்கில், வீரம்மாவின் கை வேண்டுமென்றே போடவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். காப்பிக்கடைவரை கேட்க வேண்டும்.

13. தொழிலாளர் துறைக்குக் கோயில் மைக்கின் மீது அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு இருக்கிறது. அதை விளக்கி முடித்துக்கொள்கிறேன்.

14. சென்ற மாதம் சந்தையில் திருமதி மங்களம் என்னை ஓரமாக இழுத்தார். அவர் திரு. பத்துமலையின் மனைவி. திருவிழாவிற்குப் பிறகு என்னிடம் பேசாதிருந்தவர். தம் கணவருக்குக் கொஞ்ச நாளாக வலக்கை மரக்கிறது என்றார். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து உதறுகிறாராம். மோட்டார் சைக்கிள் பிடிக்க முடியவில்லையாம். “ஒனக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு வீரம்மா. அந்த டாக்டரம்மா பேரு என்னான்னு சொல்லேன். நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேணாம்.” எந்தெந்த விரல் என்று கேட்டேன். சுண்டுவிரலைத் தவிர எல்லாம் என்றார். திரு. பத்துமலைக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு என்பது ஊருக்கே தெரியும். இனிப்பு நீர்க்காரர்களுக்கு இந்த நோய் எளிதாக வரும் என்று டாக்டர் புனிதவதி என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மீன் வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நான் சொன்னேன்: “கோயில்ல மஞ்சக் கயிறு கட்டச் சொல்லுங்க அண்ணி. கோளாறு எந்தக் கையிலயோ அந்தக் கையில. எறுக்கமா இருந்தாத்தான் சக்தி எறங்கும்.”

15. சொன்னதற்கு வருந்தவில்லை. அவர் எனக்குக் கொடுத்த வைத்தியத்தையே அவருக்குக் கொடுத்தேன், ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கோயிலைப் பார்த்தேன். திரு. பத்துமலை அர்ச்சனைத் தட்டை இடக்கையில் வாங்கினார். பூசாரி முறைத்ததும் வலக்கைக்கு மாற்றினார்; தேங்காய் உருண்டு ஓடியது. அவர் மணிக்கட்டில் கயிறு சுற்றுமேல் சுற்றாக இருந்தது, சதை பிதுங்குமளவுக்கு. அவர் என்னைப் பார்த்தார். கையை உதறப் போனவர், நான் நிற்பதைக் கண்டு உதறாமல் அடக்கிக்கொண்டார். அந்த அடக்கம் எப்படி எரியும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. வீட்டிற்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

16. எனக்கு வன்மம் இருக்கிறது என்று தாங்கள் நினைக்கலாம். இருக்கிறது ஐயா, மறைக்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் எனக்குச் செய்து கொடுத்த கைப்பட்டையை இம்மனுவோடு தங்களுக்கு அனுப்புகிறேன். அறுவைக்குப் பிறகு அது எனக்குத் தேவைப்படவில்லை. துவைத்துக் காய வைத்திருக்கிறேன். வலக்கைக்குரியது, அவருக்கும் வலக்கைதான். பட்டையைத் தளர்த்தினால் அவர் மணிக்கட்டுக்குப் பொருந்தும். படுக்கப் போகுமுன் கட்டிக்கொள்ள வேண்டும், இறுக்கக் கூடாது, அதற்கு முன் அந்தக் கயிறுகளையெல்லாம் அறுத்துவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அதன் மேல் எழுதி ஒட்டியுள்ளேன். டாக்டரின் பெயரும் உண்டு. இதை அவரிடம் கொடுக்க வேண்டியது தாங்களே. ஆனால் அவர் மைக்கில் பேசி முடித்த பிறகு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது. இது தங்கள் அலமாரியில் இருக்கிறது என்பதை மட்டும் விசாரணையின்போது அவருக்குத் தெரிவிக்கலாம்.

17. இத்தகைய மனுக்களில் விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு கேட்பது வழக்கம். நான் கேட்கவில்லை. தங்களுக்கு வேலைகள் பல இருக்கும். கோப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். விடுப்பு நாள்கள் குறுக்கே வரும். அவசரமே இல்லை ஐயா. ஆடிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இந்த ஆடி தவறினாலும் அடுத்த ஆடி வரும். கட்டைவிரல் மேடு கரைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நான் அறிவேன். திரு. பத்துமலைக்குத் தெரியாது. அதை மட்டும் தாங்கள் அவரிடம் சொல்லிவிடுமாறு பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.

இத்தனையும் தன் கையாலேயே எழுதிய,
வீரம்மா த/பெ சன்னாசி
(கையொப்பம்)

இடம்: ஜெலாப்பாங், ஈப்போ
நாள்: 6 மார்ச் 1989

இணைப்பு:
மலாய்ச் சுருக்கம்.
டாக்டர் புனிதவதி அவர்களின் மருத்துவச் சான்றிதழ்.
வேலை நீக்கக் கடிதத்தின் நகல்.
கைப்பட்டை ஒன்று, வலக்கை. மைக்கிற்குப் பிறகு கொடுக்கவும்.